குடும்பப் பிணக்கும் நடுவர் மன்றும்

மாந்தர் கூடி வாழுமிடத்துப் பிணக்குத் தோன்றுதல் இயல்பு. அப்பிணக்கு வேலி பற்றியதாயினும் கடன் பற்றியதாயினும், வழக்காடித் தீர்வு பெற்றபின் இருவரும் தத்தம் வழியே போதல் கூடும். குடும்பப் பிணக்கு அத்தகையதன்று. வழக்கில் வென்றவளும் தோற்றவனும் ஒரே பிள்ளைக்குத் தாயும் தந்தையுமாகப் பின்னரும் இருந்தே தீரவேண்டும். ஆதலினாற்றான் கணவன் மனைவியரின் வழக்கை நீதிமன்றுக்குக் கொண்டு செல்லாது, இருபாலார்க்கும் பொதுவான பெரியோர் முன்னிலையிற் பேசித் தீர்த்தல் நன்றென நம் முன்னோர் கருதினர். குடும்பம் கோட்டுப்படி ஏறிற்று என்று பிறர் சொல்லக் கேட்பதை இன்றும் நம்மவர் இழிவாகவே எண்ணுகின்றனர்.

இக்கருத்தில் உண்மை உண்டு, இடரும் உண்டு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களின் குடும்பப் பிணக்குகளுள், நடுவர் தீர்க்கத்தக்கவை எவை, நடுவர் தொடலாகாதவை எவை என விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யான் சட்டம் பயின்றவன் அல்லேன், தமிழாசிரியன். எனினும் இப்பொருளை எடுத்துக்கொள்ளுதற்கு எனக்கொரு காரணமுண்டு. அதனை முதலிற் கூறிவிடுதல் முறை.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் யான் கற்பித்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திற் பஞ்சாயத்துக் கூடிற்று. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணும், கொழும்புக் கடையொன்றில் வேலை பார்த்த அவள் கணவனும் பிரிந்து போவதென முடிவாயிற்று. பிள்ளைகள் இருவர். மூத்தவள் என் வகுப்பு மாணவி. கணவன் ஒருமுறை ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது, லயத்துக் காம்பரா மனைவிக்கு, தாலி கணவனுக்கு, அதன்பின் எவரும் எவரிடத்தும் ஒன்றும் கேட்கலாகாது என்பன தீர்ப்பு. எழுத்து நன்றாயிருக்கும் என்பதனால் அதனைத் தாளில் வரையும் பணி என்னிடம் வந்தது. "இனி எக்காலத்தும் எவ்விதக் கோரிக்கையும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இல்லை" என்ற வாக்கியத்தை அப்பெண் சொல்லவில்லை; யானே அமைத்தேன். சம்மதமா என்று தலைவர் கேட்டபொழுது அவள் நிலத்தை நோக்கினாள். அவளுடைய தமக்கையின் கணவர் தலையசைத்தார். அத்தலையசைப்பே சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

இரண்டாண்டு கழிந்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்தவள் பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள். காரணம் கேட்க லயத்துக்குச் சென்றேன். பிள்ளை கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்றறிந்தேன். தகப்பனிடம் கேட்கவில்லையா என வினவினேன். தாய் உள்ளே சென்று, துணியிற் சுற்றி வைத்திருந்த தாளை எடுத்து வந்தாள். "வாத்தியாரையா, இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அதுக்கு மேல நான் எப்பிடிக் கேக்கிறது?" என்றாள். என் கையெழுத்து எனக்கெதிரே நின்றது. அன்று தொடக்கம் இவ்விடயத்தைப் பற்றிச் சட்டம் அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் வந்திருக்கிறேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு தருகின்றேன்.

நடுவர் முன் குடும்ப வழக்குச் செல்லுதல் நமக்குப் புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலம் என ஒரு படலம் உண்டு. மகப்பேறற்ற வணிகனான தனபதி தன் தங்கை மகனையே மகனாக வளர்த்து, அவனுக்குத் தன் செல்வத்தைக் கொடுத்துவிட்டு மனைவியுடன் தவஞ்செய்யப் போகிறான். தாயத்தார் அச்செல்வத்தைக் கவர்ந்து கொள்கின்றனர். துணையற்ற தாயும் சிறுவனும் சோமசுந்தரப் பெருமானிடம் முறையிட, இறைவர் தனபதி வடிவங்கொண்டு அவையிலே தோன்றி, உறவினர் பெயரையும் முறையையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்துத் தாமே மாமன் என நிலைநாட்டிப் பொருளை மீட்டுக் கொடுக்கின்றார்.

இப்படலத்தைக் கோயிலிற் படித்துப் பயன் சொல்லக் கேட்கும்பொழுது நாம் இறைவன் கருணையை வியக்கின்றோம். அதனோடு மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். அவை இருந்தது, முறை அறிந்த பெரியோரும் இருந்தனர். ஆயினும் கைம்பெண்ணுக்கும் சிறுவனுக்கும் ஆக வாய் திறந்து பேச ஒருவர் வரும்வரை அந்த அவையால் அவர்க்குப் பயன் விளையவில்லை. நடுவர் மன்றின் நேர்மை அதில் இருப்போரின் நற்குணத்தால் மட்டும் அமைவதன்று. எளியவர் தம் வழக்கைச் சொல்லுதற்கு அங்கே இடமுண்டா என்பதனாலும் அமைவது. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். ஒரு தட்டில் வைத்தற்கு ஒன்றும் கொண்டுவர இயலாதவன் முன்னே கோல் எவ்வளவு செம்மையாக இருந்தும் என் செய்யும்?

இனித் தோட்டங்களின் நிலையை நோக்குவோம். கங்காணிமார் தலைமையிலே தமிழகத்திலிருந்து மக்கள் வந்து குடியேறிய காலத்தில், லயத்துச் சண்டைகளைத் தீர்த்தவர் பெரிய கங்காணியே. அவரே ஆள் சேர்த்தவர். அவரே கடன் கொடுத்தவர். தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை குடும்பம் முழுவதும் அக்கடனாற் பிணிக்கப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவரே நடுவராயுமிருந்தால் நடுவுநிலைமை எங்ஙனம் நிற்கும்? 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அதன்வழித் தொழிற்சங்கம் தோட்டங்களிலே வேரூன்றியபின் தோட்டத் தலைவர்மார் எழுந்தனர். கங்காணியின் இடம் மெல்ல மெல்லத் தலைவருக்கும் கோயிற் சபையாருக்கும் வந்தது. இஃது ஒரு முன்னேற்றமே. ஆயினும் தலைவரும் உறவினராய், அயலவராய், ஒரு சங்கத்துக்கு உரியவராய் இருத்தலால், பழைய இடர் முற்றாக நீங்கியதென்று சொல்லுதற்கில்லை.

இத்தனை இருந்தும் மக்கள் பஞ்சாயத்தையே நாடுவது ஏன்? நீதிமன்று நகரத்தில் உள்ளது. இறக்குவானைப் பக்கத்திலோ எட்டியாந்தோட்டைப் பக்கத்திலோ மலைமேலுள்ள ஒரு பிரிவிலிருந்து வழக்குக்குச் செல்பவர்க்கு ஒரு நாட் பேர் போகும்; பேருந்துச் செலவும் சட்டத்தரணியின் கட்டணமும் ஆகும். வழக்கோ ஒரு நாளில் முடிவதன்று. மொழியும் ஒரு தடை. நம் அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்குக்கு வெளியே பொதுவாகச் சிங்களமே நீதிமன்ற மொழி. தமிழிற் பேசவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டெனினும், தன் வீட்டுத் துயரத்தை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொல்ல ஒரு பெண் கூசுவது இயல்பே. பஞ்சாயத்து அருகில் உள்ளது, செலவற்றது, தாய்மொழியில் நடப்பது. இந்நன்மைகளை நாம் இழக்க வேண்டுவதில்லை. ஆனால் எதனை எவரிடம் கொண்டுபோவது என்ற தெளிவு வேண்டும்.

பேசித் தீர்த்தல் என நாம் பொதுப்படச் சொல்வது உண்மையில் வெவ்வேறு முறைகளாம். முதலாவது மத்தியஸ்தம். இதில் நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் பேசவைத்து, அவர்களே ஓர் இணக்கத்துக்கு வரத் துணை செய்வார். இணக்கம் இல்லையேல் முடிவும் இல்லை. இரண்டாவது நடுத்தீர்ப்பு. இதில் இருவரும் முன்னரே உடன்பட்டு ஒருவரிடம் அல்லது சிலரிடம் வழக்கை ஒப்படைப்பர். அவர் கூறும் தீர்ப்பு இருவரையும் கட்டும். தோட்டத் தொழிலாளர் இதனை அறியாதவரல்லர். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ்ச் சம்பளப் பிணக்குகளும் வேலைநீக்கப் பிணக்குகளும் நடுத்தீர்ப்புக்குச் சென்றதைத் தொழிற்சங்கங்களின் வாயிலாக அவர்கள் கேட்டிருக்கின்றனர். மூன்றாவது நீதிமன்றத் தீர்ப்பு. அதற்கு எதிரியின் உடன்பாடு வேண்டுவதில்லை.

நமது பஞ்சாயத்து எத்தன்மையது? பேச்சுத் தொடங்கும்பொழுது மத்தியஸ்தம் போலத் தொடங்கி, முடியும்பொழுது நடுத்தீர்ப்புப் போல முடிகின்றது. எந்த இடத்தில் ஆலோசனை தீர்ப்பாக மாறிற்று என்பதை அங்கிருப்போர் அறியார். அப்பெண்ணின் வழக்கில் நிகழ்ந்ததும் அதுவே.

மத்தியஸ்தத்துக்கு இந்நாட்டிலே சட்டத்தின் இடம் உண்டு. கண்டி இராச்சியத்துக் கிராமங்களிற் கம்சபா எனும் ஊர்ச்சபை சிறு வழக்குகளைத் தீர்த்து வந்தது. ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அம்முறைக்கு மீண்டும் உயிர்கொடுத்தனர். சுதந்திரத்தின்பின் 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் தோன்றின. அவை 1978இல் முடிவுற்றன. பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவியது. இன்று நாடெங்கும் 300க்கு மேற்பட்ட சபைகள் உள்ளன. அவை பெரும்பாலும் வார இறுதி நாட்களிலே பாடசாலை முதலிய பொதுவிடங்களிற் கூடுகின்றன. மூவர் கொண்ட குழு வழக்கைக் கேட்கும். கட்சிக்காரர் சார்பிற் சட்டத்தரணி தோன்றுதற்கு இடமில்லை. அங்கே சொல்லப்பட்டதைப் பின்னர் நீதிமன்றிற் சான்றாகக் காட்டுதலும் இயலாது. இணக்கம் ஏற்பட்டால் அதனை எழுதிக் கையொப்பம் பெறுவர். ஏற்படாவிடின் இணங்காமைச் சான்றிதழ் தருவர். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பண, சொத்துப் பிணக்குகள் முதலில் இச்சபைக்குச் செல்லுதல் வேண்டும். 1988இல் 25,000 ரூபாவாக இருந்த அவ்வெல்லை 2016இல் ஐந்து இலட்சமாயிற்று.

நடுத்தீர்ப்புக்கும் தனிச் சட்டம் உண்டு. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி, உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். தீர்ப்பை மேல் நீதிமன்றின் வாயிலாக நிறைவேற்றலாம். இது பெரும்பாலும் வணிகருக்குப் பயன்படுவது. அதன் 4ஆம் பிரிவு நமக்கு முக்கியமானது. பொதுக் கொள்கைக்கு முரணான விடயத்தையும், நடுத்தீர்ப்பால் முடிவு செய்ய இயலாத தன்மையுடைய விடயத்தையும் நடுத்தீர்ப்புக்கு விடலாகாது என்பது அதன் கருத்து. குடும்பப் பிணக்கின் பல பகுதிகள் இவ்வேலிக்கு அப்பாலே நிற்பன.

அவற்றுள் தலையாயது விவாகரத்து. நம் மாகாணத்திலே ஒரே மலையடிவாரத்தில் வாழும் மூன்று தம்பதியரை எண்ணிப் பாருங்கள். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணம் பதிந்த சிங்களத் தம்பதியர், இருவரும் ஒருப்பட்டால், மாவட்டப் பதிவாளரிடமே மணமுறிவு பெறலாம். முஸ்லிம் தம்பதியர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி காதியாரிடம் செல்வர். தோட்டத்துத் தமிழ்த் தம்பதியருக்கு இவ்விரு வாயிலும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் சிலர் தேசவழமை இவர்களுக்கும் உரியதென எண்ணுகின்றனர், அது பிழை. இவர்களை ஆள்வது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாட்டின் பொதுச் சட்டமுமே. அதன்படி தகுதியுள்ள நீதிமன்றத்தின் தீர்ப்பின்றி மணம் முறியாது. விபசாரம், தீய எண்ணத்தோடு கைவிடுதல், மணக்காலத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை அல்லது அதனையொத்த குறை என்பனவே அச்சட்டம் கூறும் காரணங்கள். இருவரும் விரும்பினர் என்பது மட்டும் போதாது.

ஆகவே பஞ்சாயத்திற் தாலியைக் கழற்றிக் கொடுப்பதால் மணம் முறிந்தது என்று கொள்வது பெருந்தவறு. அதனை நம்பிக் கணவன் வேறொருத்தியை மணந்தால், முதல் மணம் நிலைத்திருக்கையிற் செய்த இரண்டாம் மணம் செல்லாது; அது தண்டனைக்குரிய குற்றமுமாகும். அந்த இரண்டாமவளும் ஏமாற்றப்பட்டவளே. மணம் பதியப்படவில்லையே, ஆகையால் முறிக்க ஒன்றுமில்லையே என்பாரும் உளர். முறைப்படி நடந்த இந்து விவாகம், பதியப்படாமற் போயினும், நிரூபிக்கப்படின் செல்லும். ஆயினும் பதிவே சிறந்த சான்று. சான்றில்லாதவள் தான் மனைவியென நிறுவுதற்கே முதலில் வழக்காட வேண்டியவளாகிறாள். மணப்பந்தலிலேயே பதிவை முடித்துவிடும் குடும்பம், பின்னாளில் வரக்கூடிய வழக்கொன்றின் பாதியை அன்றே தீர்த்துவிடுகின்றது.

இரண்டாவது, பிள்ளைகளின் தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், 1889ஆம் ஆண்டிலிருந்து நிலவிய பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தில் வந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாபரிக்கும் கடமையைப் பெற்றோர்மீது அது சுமத்துகின்றது. மணத்திற் பிறந்த பிள்ளை, மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்ற வேறுபாடு அதற்கில்லை. தம்மைத் தாமே தாபரிக்க இயலாத 18 முதல் 25 வயதுடைய பிள்ளைகளுக்கும், வலுக்குறைவுள்ள பிள்ளைகளுக்கும் அது வழி செய்கின்றது. இவ்வழக்கு நீதவான் நீதிமன்றுக்கு உரியது. கட்டளையை மீறுவோனுக்குப் பிடியாணையும் சிறையும் உண்டு. தாபரிப்புப் பிள்ளைக்குரியது. தாய் தனக்குரியதை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமையில்லை. பஞ்சாயத்துக்கு அறவே இல்லை. யான் எழுதிய வாக்கியத்தின் குற்றம் இதுவே. பிள்ளை எவரிடம் வளர்வது என்பதிலும் இறுதிச் சொல் பிள்ளையின் நலன் நோக்கும் நீதிமன்றுக்கே உரியது.

மூன்றாவது, அடியும் அச்சுறுத்தலும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடைச் சட்டத்தின்கீழ் நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் காப்புக் கட்டளையும், விசாரணையின்பின் 12 மாதம் வரையிலான காப்புக் கட்டளையும் வழங்கலாம். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரு பாயில் இருத்தி, இருபக்கமும் பிழையுண்டு என்று சமன்செய்வது நடுவுநிலைமை ஆகாது. சிறு காயம் விளைவித்தல் போன்ற குற்றங்கள் மத்தியஸ்த சபைக்குச் செல்லக்கூடியனவாக இருப்பதனால், அச்சபையினரும் இவ்விடத்து மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். அஞ்சியிருப்பவள் சம்மதம் சம்மதமன்று.

அவ்வாறாயின் நடுவருக்கு எஞ்சியது யாது? நிரம்ப உண்டு. சீராக வந்த நகையும் பாத்திர பண்டமும் எவருக்கு எனப் பிரித்தல் உண்டு. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை மனைவியே ஆளும் உரிமையை அளித்திருத்தலை நடுவர் இங்கே மறவாதிருத்தல் வேண்டும். சீட்டுக்கடன், நகையடகுக் கடன் ஆகியவற்றின் சுமையைப் பங்கிடல் உண்டு. மாமியாரும் மருமகளும் ஒரு காம்பராவிலே படும் இடுக்கண் உண்டு. குடித்துச் சம்பளத்தை அழிப்பவனைத் திருத்தும் முயற்சி உண்டு. வெளிநாட்டு வேலைக்குச் சென்ற மனைவி அனுப்பிய பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி உண்டு. இவற்றை நீதிபதியினும் அயலிலுள்ள பெரியோர் நன்கறிவர். பிரிந்த மனத்தைக் கூட்டுவது சட்டப் புத்தகத்தால் ஆவதன்று.

பிறநாட்டார் அனுபவமும் இதனையே கூறுகின்றது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், மணமுறிவு வழங்குமுன் இயலுமிடத்து இருவரையும் இணக்க முயலும் கடமையை நீதிமன்றுக்கு விதித்தது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. 2005இற் சென்னை உயர் நீதிமன்றிலே சமரச மையம் நிறுவப்பட்டது. இவ்வளவு தூரம் சமரசத்தை வளர்த்த இந்தியாவிலேயே, மணமுறிவும் பிள்ளைப் பொறுப்பும் தனியார் நடுத்தீர்ப்புக்கு உரியனவல்ல என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு வணிக வழக்கின் தீர்ப்பிலே வரையறுத்தது. பேசி இணங்குவது வேறு, தனியார் தீர்ப்பிடுவது வேறு என்ற வேறுபாட்டை அந்நாடு காத்து நிற்கின்றது.

நம்மவர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டம் குடும்ப வழக்குகளுக்கும் இடமளித்தது. சமய விதிப்படி தீர்ப்பிடும் மன்றுகளை அமைக்கும் திட்டமொன்று 2003இல் வெளிவரவே பெருஞ் சர்ச்சை எழுந்தது. மரியன் போயிட் அம்மையார் ஆராய்ந்து 2004 டிசம்பரில் அறிக்கை அளித்தார். தக்க காப்புகளோடு அதனை அனுமதிக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு அதனினும் ஒருபடி மேலே சென்று, குடும்ப நடுத்தீர்ப்பு நாட்டுச் சட்டப்படியே நடத்தல் வேண்டும் என 2006இற் சட்டம் இயற்றியது. இருவரும் தனித்தனிச் சட்ட ஆலோசனை பெறுதலும், வீட்டு வன்முறை உண்டோ எனக் கண்டறிய நடுவர் பயிற்சி பெறுதலும் விதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 2012இலிருந்து பயிற்சி பெற்ற குடும்ப நடுத்தீர்ப்பாளர் பணியாற்றுகின்றனர். முதலிற் பணமும் சொத்தும் பற்றிய பிணக்குகளே அவர்களிடம் சென்றன. 2016இற் பிள்ளைகள் பற்றியனவும் சேர்க்கப்பட்டன. எனினும் மணத்தை முறிப்பது அங்கும் நீதிமன்றே. செல்வமும் கல்வியும் மிக்க நாடுகளே இத்தனை வேலி கட்டியபின்னர்த்தான் குடும்பத்தை நடுவரிடம் விட்டன என்றால், லயத்து மண்டபத்தில் வேலியின்றி இருத்தல் தகுமா?

ஆகவே நம் தோட்டத்துப் பெரியோர்க்குச் சில கூற விரும்புகின்றேன். முதலாவது, பேச்சுத் தொடங்குமுன் அடி, அச்சுறுத்தல் உண்டா எனப் பெண்ணைத் தனியே, மற்றொரு பெண்ணைக்கொண்டு வினவுங்கள். உண்டெனில் பஞ்சாயத்தைக் கலைத்து அவளைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது, அவையில் அரைவாசிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். மூன்றாவது, இருவருக்கும் உறவினரல்லாத ஒருவரேனும் இருத்தல் நன்று. நான்காவது, சம்மதம் வாயாற் சொல்லப்படட்டும். பிறர் தலையசைப்பு வேண்டா. ஐந்தாவது, எழுதியதை அன்றே கையொப்பமிடுவியாது ஒரு வாரம் அவர்களிடம் விட்டுவையுங்கள். அவ்வாரத்திற் சட்டம் அறிந்தவரிடம் காட்ட அவர்களுக்கு இடம் கிடைக்கும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றோர்க்குக் கட்டணமின்றி உதவுகின்றது. ஆறாவது, பணமும் பண்டமும் பற்றிய பிணக்கை மத்தியஸ்த சபையின் முன் கொண்டு செல்லத் தூண்டுங்கள்; தமிழ் பேசும் மத்தியஸ்தர் உளரா என முன்னரே கேட்டறியுங்கள். தகுதியுள்ள தோட்ட இளைஞரும் ஆசிரியரும் அப்பணிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும்.

இம்மலரைப் படிப்போருள் சட்டத்தரணிகளும் அரச உத்தியோகத்தரும் ஆசிரியரும் பலர். கல்லூரி நமக்குத் தந்த கல்வியின் ஒரு பயன், பேசத் தெரியாதவருக்காகப் பேசுதல். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு தோட்டத்துக்குச் சென்று, பஞ்சாயத்தாரோடு அமர்ந்து இச்சட்டங்களை விளக்கினால், படலத்தில் வரும் மாமனின் பணியிற் சிறு பங்கு நம்முடையதாகும்.

அப்பெண்ணின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அத்தாளை நம் பழைய மாணவரான ஒரு சட்டத்தரணியிடம் காட்டினேன். பிள்ளைகளை இத்தாள் கட்டாது என்று அவர் ஒரே சொல்லிற் கூறினார். கட்டணம் பெறாது நீதவான் நீதிமன்றில் விண்ணப்பமும் செய்தார். சில மாதங்களின்பின் பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் கட்டளை கிடைத்தது. இளையவன் உயர்தரம் வரை படித்தான். மூத்தவள் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அவள் இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றும் மீட்டுத் தராது.

அதன்பின்னும் இருமுறை பஞ்சாயத்துகளில் எழுதும்படி என்னைக் கேட்டனர். இருமுறையும் எழுதினேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் எவரும் கேளாமலே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்: "பிள்ளைகளின் உரிமைக்கு இத்தாள் தடையாகாது."